முதுகு என்று சொன்னேன்

தோழிகளே, போன வாரம் விளையாட்டு நேரத்தில் நான் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குப் போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். டீச்சர் என் பின்னால் நின்று, முழங்கையை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மலைக்காரிக்கு ரோஷம் ஜாஸ்தி" என்று உங்களில் ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. ரோஷம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்று நான் போனது அதனால் அல்ல. நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுது என்று ஆறு மாதமாகக் கேட்கிறீர்கள். இதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெருமை ஒன்பது வயதில் இன்னும் அதிகமாக இருந்தது. நான் சொல்லப்போவது அதைப் பற்றியும்தான்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் தேவனூர் நாட்டைச் சேர்ந்தது. அடிவாரத்திலிருந்து ஏறி வர ஒரு பகல் ஆகும். எங்கள் காட்டில் சாமையும் கேழ்வரகும் விளையும். அது வருஷம் முழுவதும் போதாது. அதனால் அப்பா பக்கத்திலிருந்த காப்பித் தோட்டத்தில் புல் வெட்டப் போவார். தோட்டத்துக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். பங்களாவில் அவரும் சமையலுக்கு ஒரு பட்லரும் மட்டும்தான்.

அப்பா புல் வெட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆள் உயர மூங்கில் பிடி போட்ட அரிவாள் அது. குனியாமல் நின்றபடியே இரண்டு கையாலும் பிடித்து, வலப்பக்கமிருந்து இடப்பக்கம் வீசுவார். வீசும்போது மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வரும். புல் சாயும். ஒரு அடி எடுத்து வைப்பார். மறுபடி அதே சத்தம், அதே வீச்சு. காலையிலிருந்து உச்சி வெயில் வரைக்கும் வெட்டினாலும் கடைசி வீச்சு முதல் வீச்சு மாதிரியே இருக்கும். வெட்டின இடத்தில் நான் வெறுங்காலோடு நடந்து பார்ப்பேன். எந்த இடத்திலும் ஒரு தூர் உயர்ந்திருக்காது. காப்பிச் செடியின் அடிப்பட்டையில் ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை. மற்ற ஆட்கள் செடியை ஒட்டி வரும்போது அரிவாளை வைத்துவிட்டுக் கையால் பிடுங்குவார்கள். அப்பா வீச்சை மாற்றவே மாட்டார்.

துரைக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பங்களாவுக்குப் பின்னால் சரிவில் புல்லை ஒட்ட வெட்டச் சொல்லி, தூரத்தில் ஒரு மூங்கில் நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். துணிக்கு அடியில் ஒரு குழி. நுனி வளைந்த கோலால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்து அந்தக் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். கோல்ஃப் என்று இன்று நமக்குத் தெரிகிறது. எங்களுக்கு அது துரையின் கோலடி. பந்தின் மேலெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி இருக்கும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும்.

துரை தினமும் காலையில் அடிப்பார். ஒருநாள் பந்து வலப்பக்கம் காப்பிக்குள் போகும். அடுத்த நாள் இடப்பக்கம் பள்ளத்துக்குள் போகும். ஒருநாள் நேராகப் போய்த் துணிக்கு அடியில் நிற்கும், அன்றைக்குத் துரை பட்லரைக் கூடத் திட்ட மாட்டார். மறுநாள் பழையபடி காப்பிக்குள். அவரிடம் படம் போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அதைப் புல்லில் விரித்து, காற்றில் பக்கம் புரளாமல் கல்லை வைத்து, படத்தில் இருக்கிற ஆளைப் போலவே நிற்பார். காலை அகட்டுவார், குறுக்குவார். கை ஒருநாள் செய்ததை மறுநாள் செய்யவில்லை என்பதுதான் அவருக்கு வந்த கஷ்டம்.

அந்த வருஷம் மார்கழியில் ஒருநாள் சரிவின் ஓரத்தில் அப்பா புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். துரை கோலை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பட்லரிடம் ஏதோ சொன்னார்.

"ஏனுங் கவுண்டரே, துரை உங்களைக் கூப்புடறாரு. இந்தக் கோலை வாங்கி அந்தப் பந்தை அடிக்கோணுமாம்" என்றார் பட்லர்.

"எங்கீங்க அடிக்கிறது?"

"அந்தா, துணி கட்டியிருக்குதே, அங்க."

"எதுக்குங்க?"

"எனக்கென்ன தெரியும். அடிச்சாக் கடிக்காது, அடிங்க."

அப்பா கோலை வாங்கி எடை பார்த்தார். பந்து கிடந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். புல்லுக்கு நிற்பது போலவே நின்றார். அந்தச் சின்ன மூக்குச் சத்தம் கேட்டது. பந்து போனதை நான் பார்க்கவில்லை. மூங்கில் ஆடினதைத்தான் பார்த்தேன்.

துரை இன்னொரு பந்தை வைத்தார். அதற்குப் பிறகு இன்னொன்று. ஒரு கூடைப் பந்து தீர்ந்தபோது எல்லாம் மூங்கிலைச் சுற்றி முறத்தில் கொட்டினது போலக் கிடந்தன. துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அப்பா கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வெயில் ஏறுதுங்க, புல்லு பாக்கி இருக்குது" என்று அரிவாளை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அப்பாவுக்குப் பாதி நாள் புல் வேலை, பாதி நாள் கோல் வேலை. துரை எதிரில் நின்று அப்பாவைப் பார்ப்பார், பிறகு தான் அடித்துப் பார்ப்பார். அவருடைய பந்துகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் போகத் தொடங்கின. அப்பா வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்த நாட்களில் அவர் காலையில் எனக்கு முன்னால் கிளம்பி வாசலில் நிற்பார். அம்மா கிண்டல் செய்வார். "தோட்டத்துல துரை யாருன்னு தெரியலியே, நம்மூட்டுத் துரை இன்னிக்குச் சட்டை போட்டுக்கிட்டுப் போறாரு."

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று சொல்ல வேண்டும். மலையில் அப்போது ஒரு கூரைப் பள்ளிக்கூடம் இருந்தது. மூன்றாம் வகுப்போடு சரி. நான் அந்த மூன்றாம் வகுப்பில் இருந்தேன், இங்கிலீஷ் முதல் புத்தகம் வைத்திருந்தேன். அதில் ஒரு மனுஷன் படம் இருக்கும். தலைக்கு ஒரு கோடு இழுத்து ஹெட், கைக்கு ஒரு கோடு இழுத்து ஹேண்ட், முதுகுக்கு ஒரு கோடு இழுத்து பேக். அறுபது வார்த்தை எனக்கு மனப்பாடம். ஒருநாள் பந்து வந்த பெட்டியின் மேல் இருந்த எழுத்துக்களை நான் சத்தமாகக் கூட்டிப் படித்தேன். துரை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தன் தலையைத் தொட்டார். நான் "ஹெட்" என்றேன். காலைத் தொட்டார். "லெக்" என்றேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் தொடங்குமுன் நானும் சரிவுக்குப் போனேன்.

பட்லருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் சோற்றுக்கும் சூப்புக்கும் உண்டானது. துரை தோள், இடுப்பு என்று எதைச் சொன்னாலும் அவர், "நல்லா அடிக்கச் சொல்றாருங்க" என்று ஒரே மாதிரிதான் சொல்வார். இப்போது அந்த வேலையும் போயிற்று. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "துரைசானி என்ன சொல்றாங்க, கேட்டுக்கங்க கவுண்டரே" என்பார். நான் எப்போது தடுமாறுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் துரை ஒரு செய்தி சொன்னார். ஏற்காட்டுத் துரைகள் மூன்று பேர் மாசியில் வரப்போகிறார்கள். அவர்கள் முன்னால் அப்பா இதே மாதிரி அடித்துக் காட்ட வேண்டும். காட்டினால், என்னைக் கீழே போர்டிங் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதித் தருவார். இதைப் பட்லர்தான் சொன்னார், கொஞ்சம் கசப்போடு.

வீட்டில் அம்மாவுக்கு மனசில்லை. "பொட்டப்புள்ள மலைய உட்டு எறங்கிப் போயி என்னங்க பண்ணப் போகுது?"

"அது மூணாவதோட நின்னுட்டா என்ன பண்ணப் போகுதோ, அதவிடக் கூட ஏதாச்சும் பண்ணும்" என்றார் அப்பா. "பந்து அடிக்கிறதுதானே. எனக்கு அது புல்லு."

அவருக்கு அது உண்மையாகவே புல்லாகத்தான் இருந்தது. அப்படியே விட்டிருக்கலாம்.

ஆனால் துரை தன் புத்தகத்தோடு அப்பாவை ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. படத்து மனுஷன் கோலைப் பின்னால் கொண்டுபோவது மெதுவாக. அப்பா வெடுக்கென்று எடுப்பார், புல்லுக்கு அப்படித்தான். மற்றத் துரைகள் வந்து பார்க்கும்போது அந்த ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்கப் பார்த்தார். கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

"ஸ்லோ பேக்" என்றார் துரை. சொல்லிவிட்டுக் கோலை எடுத்து ஒருமுறை செய்தும் காட்டினார்.

ஸ்லோ எனக்குத் தெரியும். நத்தைப் படத்துக்குக் கீழே போட்டிருந்தது. பேக் எனக்கு நன்றாகவே தெரியும். துரை செய்து காட்டியபோது நான் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். அது மெதுவாகத்தான் திரும்பியது.

"அப்பா, முதுகை மெதுவாத் திருப்பச் சொல்றாருங்க" என்றேன்.

பட்லர் ஒரு அடி முன்னால் வந்தார். "முதுகா? நல்லாத் தெரியுமா சாமி?"

"முதுகுதான். எங்க பொஸ்தகத்துல படம் போட்டிருக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். பட்லரைப் பார்த்தார். "செரி கண்ணு" என்றார்.

அப்பா முதுகை மெதுவாகத் திருப்பினார். கை அதன் போக்கில் வெடுக்கென்று போனது. இரண்டும் சேரவில்லை. பந்து புல்லை உரசிக்கொண்டு பத்தடி ஓடி நின்றது. துரை சிரித்துக்கொண்டே, "ஸ்லோ பேக்" என்றார் மறுபடியும். "இன்னும் மெதுவாங்கப்பா, முதுகு" என்றேன் நான். அப்பா இன்னும் மெதுவாகத் திருப்பினார். பந்து காப்பிக்குள் போனது.

அந்த மாதம் முழுவதும் இப்படித்தான் போயிற்று. துரையின் சத்தம் கூடிக்கொண்டே போனது. என் சத்தமும் கூடியது. அப்பாவின் முதுகு பலகை போல விறைத்துவிட்டது. அடிப்பதற்கு முன்னால் மனசுக்குள் எதையோ எண்ணிப் பார்ப்பவர் போல நிற்பார். முன்பு அவர் அப்படி நின்றதே இல்லை. அந்த மூக்குச் சத்தமும் வரவில்லை. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நான் இங்கிலீஷைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

புல் வீச்சும் கெட்டுவிட்டதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான், அதுவும் சரிவில் அல்ல. எங்கள் சொந்தக் காட்டு வரப்பில் அப்பா புல் வெட்டிவிட்டு வந்தார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏனுங்க, எலி கரம்புனாப்பல இருக்குது, நீங்களா வெட்டுனீங்க?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பா கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். யார் யாரோ வந்து யோசனை சொன்னார்கள். ஒருவர் துரையின் கோலில் ஏதோ இருக்கிறது என்றார். இன்னொருவர் வெள்ளைக்காரன் எதிரில் நிற்கிற பயம் என்றார். எங்கள் வாத்தியாரும் அதையேதான் சொன்னார். சாமிக்குச் சேவல் விட்டார்கள். என்னைப் பற்றி யாருக்கும் யோசனை வரவில்லை, எனக்கும் வரவில்லை.

ஏற்காட்டுத் துரைகள் வந்த அன்று வெயில் நன்றாக இருந்தது. பங்களா வாசலில் மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அப்பா வெளுத்த சட்டை போட்டிருந்தார். நான் தலையில் டிசம்பர்ப் பூ வைத்திருந்தேன். எங்கள் துரை மற்ற மூவரிடமும் என்னையும் அப்பாவையும் காட்டி நிறையப் பேசினார். என்னை ஏதாவது படிக்கச் சொன்னார். நான் படித்தேன். அவர்கள் கை தட்டினார்கள்.

பிறகு அப்பா கோலை எடுத்தார். முதல் வீச்சில் கோல் மண்ணில் பட்டு ஒரு கட்டிப் புல்லைப் பெயர்த்தது. பந்து ஒரு சாண் உருண்டது. ஒரு துரை இருமினார். இரண்டாவது காப்பிக்குள் போனது. மூன்றாவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பி, "இப்ப முதுகு செரியா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டார். நான், "இன்னும் கொஞ்சம் மெதுவாங்கப்பா" என்றேன்.

எங்கள் துரை திட்டவில்லை. அப்பாவிடம் வந்து கோலை மெல்ல வாங்கிக்கொண்டு தோளைத் தட்டினார். திட்டியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாயங்காலம் விருந்தாளிகளோடு துரை வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அப்பா முழு நாளும் புல் வேலைக்கே போனார். தன் பழைய வீச்சைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஒரு வீச்சு வீசுவார், நிற்பார், காலை மாற்றி வைப்பார், இன்னொன்று வீசுவார். கூட வெட்டுகிறவர்கள் அவரை விட்டு நாலு அடி தள்ளியே நின்றார்களாம். பங்குனியில் ஒருநாள் காலையில் அரிவாள் ஒரு காப்பித் தூரில் பட்டுத் திரும்பி, அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது.

கட்டிலில் போட்டு நாலு பேர் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பாதை திரும்புகிற பாறை வரைக்கும் கூடவே ஓடினேன். கட்டிலுக்கு அடியில் கயிறு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "நீ ஊட்டுக்குப் போ கண்ணு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றார் அப்பா. எனக்கு அந்த வார்த்தைதான் இன்னும் கேட்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவருக்கு அப்போது எப்படித் தோன்றியது.

கால் தப்பியது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. நீட்டியபடியே நின்றுவிட்டது. அரிவாளை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை.

அப்பா திரும்பி வந்த வாரம் துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் தாழ்வாரம் உயரம் போதாது, குனிந்துதான் நுழைந்தார். கையில் கடிதம் இருந்தது. கூடவே ஒரு பந்தும் வைத்திருந்தார், எனக்குக் கொடுத்தார். அவர் போனதும் அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "இதை அன்னிக்கே குடுத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்" என்றார். பந்தை என் கையிலிருந்து வாங்கிப் பள்ளத்தில் எறிந்தார். நான் அழவில்லை. எனக்குக் கடிதம் வந்துவிட்டதே. ஆனி மாதம் நான் மலை இறங்கினேன்.

போர்டிங்கில் இரண்டாவது வருஷம். ஒரு பாடத்தில் ஒரு பசு காணாமல் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிறது. கம் பேக் என்று வருகிறது. பேக் என்றால் என்ன என்று டீச்சர் கேட்டார். நான்தான் முதலில் கை தூக்கினேன். "முதுகு" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒருத்தி, "பசுவோட முதுகு மட்டும் வந்துச்சா?" என்றாள். டீச்சர் கரும்பலகையில் எழுதினார். பேக்: முதுகு, பின்னால், திரும்ப.

நான் அந்த மூன்று சொற்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னது கேட்கவில்லை. துரை கோலைப் பின்னால் கொண்டுபோன கை எனக்கு இப்போது தெரிந்தது. அன்றும் அது என் கண் முன்னால்தான் இருந்தது.

இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். ஊரில் நான் வந்ததும் காகிதத்தோடு நாலு பேர் வந்துவிடுவார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க புள்ள படிச்சுச் சொன்னா அதுல ஒரு எழுத்துத் தப்பாது" என்பார். அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்வது. என் பெருமையை விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

போன பொங்கல் லீவில் சொன்னேன். அப்பா களத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, காயப்போட்ட மிளகைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

"அப்பா, துரை முதுகைச் சொல்லலீங்க."

"எந்தத் துரை?"

"கோலடிச்ச துரை. ஸ்லோ பேக்னா, கோலைப் பின்னால மெதுவாக் கொண்டுபோன்னு அர்த்தங்க. முதுகு இல்லீங்க. எனக்கு அப்பத் தெரியலீங்க."

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"துரைதான் செஞ்சு காட்டுனாரே. எனக்குக் கண்ணு இல்லையா? நீ முதுகுன்னே. அந்தப் பட்லரு வாயத் தொறந்துக்கிட்டு நின்னான். நான் கோலை மெதுவா எடுத்திருந்தா, மக தப்பாச் சொல்றா, அப்பன் செரியாப் பண்றான்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சு போயிருக்கும். மறுநாளு துரை உன்னைய வேண்டாம்னுருவாரு. அப்பறம் யாருக்குக் கடுதாசி?"

"அதுக்காகங்களா?"

"ரெண்டு நாளைக்கு நீ சொன்னாப்பல பண்ணிட்டு, பொறவு எங் கைக்கே போயிக்கலாம்னு நெனச்சேன். போகத் தெரியல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க நான் என்னென்னவோ வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன். நானும் மிளகைக் கிளறினேன். அவர்தான் கேட்டார்.

"அப்ப அந்தச் சொல்லுக்கு முதுகுன்னு அர்த்தமே இல்லையா?"

"அதுவும் உண்டுங்க. ரெண்டும் உண்டு."

அவர் முகம் தெளிந்தது. ஒரு கை மிளகை அள்ளி வெயில் பக்கம் போட்டார்.

"பாரு, அப்ப நீ சொன்னதும் தப்பில்ல" என்றார்.